பின் போட்டிருந்தது

வண்டியை அவர் கொட்டகை முன்னால் நிறுத்தி, என்ன கோளாறு என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘தெர்ல’ என்பதுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது? தெர்ல. எப்போது முடியும்? தெர்ல. புகை ஏன் இப்படிக் கறுப்பாக வருகிறது? “அவுத்துப் பாத்தாதான் தெரியும். இப்ப தெர்ல.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமோ பணிவோ இருக்காது. மணி கேட்டவனுக்கு மணி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பக்கெட்டில் கையைக் கழுவப் போய்விடுவார். வேலை முடிந்ததும் கை கழுவுகிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன்பு கழுவியவர் அவர் ஒருவர்தான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் திரும்பினால், ஷேர் ஆட்டோக்கள் ஆள் சேர்க்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு மெக்கானிக். அங்கே நாம் இன்ஜினை அணைப்பதற்குள் பதில் வந்துவிடும். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்பான். பிளேட்டை மாற்றுவான், சத்தம் அப்படியே இருக்கும், அப்புறம் வேறு ஏதோ போய்விட்டது என்பான். கூட்டம் என்னவோ அங்கேதான். காசு கொடுக்கிறவனுக்கு முதலில் ஒரு பதில் வேண்டும். அது சரியான பதில்தானா என்ற யோசனையெல்லாம் வண்டி மறுபடி நின்ற பிறகுதான் வருகிறது.

ஷேர் ஆட்டோக்காரர்கள் அவருக்குத் ‘தெர்ல மெக்கானிக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வம்புக்கென்றே கேட்பார்கள்.

“இன்னா மெக்கானிக்கே, ஸ்ரீபெரும்பூதூர் பஸ்சு வருமா?”

“தெர்ல பா. நேத்து இந்நேரம் வந்துச்சு.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு இன்னும் வர்ல.”

அவர்கள் சிரிப்பார்கள். அவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடருவார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் நன்றாகச் சமைக்குமா என்று பேச்சுக்குக் கேட்டதற்கும், “தெர்ல. எங்க வூட்ல அவங்கம்மாதான் சமைக்குது” என்று சொல்லிவிட்டாராம். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. அவர் மனைவிதான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். தான் சொன்னதில் என்ன தப்பு என்பது அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

எனக்கு அவர்மேல் அந்தக் காலத்தில் மரியாதையும் இருந்தது, ஒரு இளக்காரமும் இருந்தது. இளக்காரம்தான் கூட என்று இப்போது தோன்றுகிறது. நான் ஒரகடத்தில் வண்டிகளுக்கு சீட் சட்டம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். எங்கள் உலகத்தில் ‘தெரியாது’ என்று ஒரு கட்டமே கிடையாது. செக் ஷீட்டில் ஒன்று ஓகே, இல்லாவிட்டால் என்ஜி, அதாவது ‘நாட் குட்’. இரண்டில் ஒன்றை டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் எங்கள் கம்பெனிக்கே வந்து சேர்ந்தார். சர்வீஸ் ரோடு முழுவதும் தண்ணீர் நின்று, கொட்டகைக்குள் முழங்கால் அளவு இருந்தது. காண்ட்ராக்டில் டிராலிகளைப் பார்க்கிற வேலை. சட்டங்களை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற நாலு சக்கர டிராலிகள். தினமும் எல்லாவற்றின் சக்கரத்தையும் சோதித்து ஷீட்டில் எழுத வேண்டும். எல்லாரும் காலையிலேயே வரிசையாக ஓகே போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் ஒவ்வொன்றையும் குப்புறத் தள்ளிப் பார்த்தார். ஷிப்ட் முடியும்போது நாலு டிராலி மிச்சம். அந்த நாலுக்கும் நேராக, கட்டத்துக்கு வெளியே, ‘பாக்கல’ என்று எழுதிவைத்திருந்தார்.

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டான். நான் போய்ப் பொறுமையாகச் சொன்னேன். “ணா, இதுல ஓகே, இல்லன்னா என்ஜி. மூணாவது ஒண்ணு கெடையாது.”

“பாக்காதத எப்படி பா ஓகேன்னு போடறது?”

“அப்ப என்ஜி போடுங்க.”

“பாக்காதத எப்படி பா என்ஜின்னு போடறது?”

பேனாவை வாங்கி நாலுக்கும் நானே ஓகே போட்டேன். அவர் நான் எழுதுவதைக் கிட்ட வந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பார்க்காமலே எனக்கு எப்படித் தெரிந்தது என்று நிஜமாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். பதினோராவது நாள் அவரை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரும் வடிந்திருந்தது.

எங்கள் வீட்டு வண்டி அவரிடம் போனது அதற்கு அடுத்த வருடம். எங்கள் வீடு என்றால் அக்கா வீடு. ஒரகடத்துக்கு உள்ளடங்கிய ஊர். மாதா கோவில் தெருவில் கீழே அக்காவும் மாமாவும் பிள்ளைகளும், மாடி அறையில் நான். மாமா ஹாஸ்டல்களுக்கும் லாட்ஜுகளுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர். சுங்குவார்சத்திரம் வரைக்கும் அவருக்கு வாடிக்கை உண்டு. வண்டி ஒரு பழைய டீசல் பிக்கப். என்னைவிட வயதில் மூத்தது. ஏதோ எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்ததை ஏலத்தில் எடுத்து, நீலப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்கு மேலே ‘மாதா துணை’ என்று எழுதியிருந்தார். புது மினி லாரி வாங்கச் சொன்னால், இதன் இரும்பு இப்போது எங்கே கிடைக்கும் என்பார்.

அந்த இரும்பு நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்தில் மாவு மிஷின் மாதிரி உறுமத் தொடங்கியது. ஸ்டீயரிங் கையில் ஆடியது. எதிர்க்கடைக்காரன் வண்டியில் ஏறாமலே டயர் என்று சொல்லி இரண்டு டயர் மாற்றினான். உறுமல் போகவில்லை. அப்புறம்தான் இவரிடம் போனார் மாமா. ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலே ஒரு கை கீழே ஒரு கை பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஆட்டம் கீது. பேரிங்கா, வேற எதுனாவான்னு தெர்ல. அவுக்கணும்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்து அவிழ்த்தார்.

அன்று முழுவதும் நான் கூட இருந்தேன். சக்கரத்தின் நடுவில் இருக்கிற மூடியைத் தட்டி எடுத்தால் உள்ளே ஒரு பெரிய நட்டு. அந்த நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே ஒரு பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் இரண்டு பக்கமாக மடக்கியிருப்பார்கள். பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்தால், அதைத் தாங்குகிற பேரிங்குகள் கையில் வருகின்றன. பக்கத்துக்கு இரண்டு. டீசலில் கழுவி வெயிலில் காட்டினார்.

“பாரு பா. அம்மை போட்ட மாதிரி கீது.”

உருளைகளில் சின்னச் சின்னக் குழிகள். எதற்கும் இருக்கட்டும் என்று மாமா சென்னையில் புதுப்பேட்டையில் தேடி வாங்கிவைத்திருந்த புது பேரிங்கை எடுத்து, உள்ளங்கையில் கிரீஸை அப்பிக்கொண்டு, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஊட்டினார். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். மாமா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு சக்கரத்தை மாட்டி, ஒரு கையால் அதைச் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை இறுக்கினார். சக்கரம் கனத்தது. உடனே இறுக்கிய நட்டைத் தளர்த்தினார். அப்புறம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் நட்டைத் திருகி நிறுத்தி, பின்னைச் செருகி மடக்கினார்.

இறுக்கிய நட்டை ஏன் தளர்த்துகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள எனக்கு வரவில்லை.

“இனிமே பிரச்சன ஒண்ணும் இல்லியே?” என்று மாமா கேட்டார்.

“தெர்ல. ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டாங்க. கைய வெச்சி சூடு பாக்கறேன்.”

“செஞ்சவனுக்கே தெரியலன்னா இன்னாயா அர்த்தம்?” என்றார் மாமா. மெக்கானிக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் போனபின், இருட்டுவதற்குள், நான் ஜாக்கியை எடுத்துவைத்துத் தூக்கிப் பார்த்தேன். சும்மாதான். அவர் செய்ததுபோலவே மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். வலது சக்கரத்தில் ஒன்றும் தெரியவில்லை. இடது சக்கரத்தில் ஒரு நூல் ஆட்டம் இருந்தது. எங்கள் லைனில் ஆடுகிற எதுவும் வெளியே போகாது. ஆட்டம் என்றால் என்ஜி. இவ்வளவு நேரம் கிரீஸைப் பிசைந்துவிட்டு, முக்கியமான நட்டை லூசாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூடியைத் தட்டி எடுத்தேன். பின்னை உருவினேன். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, ஆட்டம் சுத்தமாக நிற்கும்வரை இழுத்தேன். அதே பின்னைத் திரும்பச் செருகி மடக்கினேன். அப்புறம் பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்து நட்டின் மேல் ஒரு கோடு போட்டேன். எங்கள் லைனில் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிச் சரிபார்த்தபின் அப்படி ஒரு கோடு போடுவோம். பார்த்தாயிற்று, ஓகே என்று அதற்கு அர்த்தம்.

யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது கிலோமீட்டர் கழித்து அவர் மூடியைத் திறக்கும்போது அந்தக் கோட்டைப் பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

ஐம்பது கிலோமீட்டர் முடிந்ததும் கொண்டுபோக மாமாவுக்கு நேரமில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீபெரும்பூதூர் சாலையில் இடது சக்கரம் புகைந்து, கிறீச்சிட்டு, தனியாகக் கழன்று முன்னால் ஓடியது. வண்டி மூக்குக் குத்தி வடிகாலில் இறங்கியது. மாமாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அக்கா எனக்குப் போன் செய்தாள். எங்கள் கம்பெனியிலிருந்து அந்த இடம் பக்கம். கேட் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் மாமாவை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் சாலையில் உருண்ட கேன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டிப் பக்கம் யாரும் இல்லை.

குனிந்து பார்த்தேன். சக்கரம் இருந்த இடத்தில் வெறும் அச்சுமுனை. பேரிங் வெந்து உதிர்ந்து, சக்கரம் நட்டைத் தாண்டி உருவிக்கொண்டு போயிருந்தது. ஆனால் நட்டு அதன் இடத்திலேயே இருந்தது. பின்னும் இருந்தது, இரண்டு காலும் மடக்கியபடி. நட்டின்மேல் என் மஞ்சள் கோடு தீய்ந்து பழுப்பாகியிருந்தது. ஆனால் நன்றாகத் தெரிந்தது.

அந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் நான் அப்படியே விட்டிருப்பேனோ என்னவோ. வண்டியின் டூல் பெட்டியிலிருந்து குறடும் ஸ்பேனரும் எடுத்தேன். பின்னை உருவினேன். நட்டு அடம்பிடித்து, அப்புறம் வந்தது. நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். பேன்ட் பைக்குள் போட்டபோது அது தொடையில் சுட்டது. மறுநாள் காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் நட்டையும் பின்னையும் ஏரியில் எறிந்தேன். பஸ்சில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தேன். பேரிங் ஓடிச் சூடானால் பெருக்கும், அதனால் இறுக்கியபின் ஒரு நூல் தளர்த்திவிட வேண்டும், இடம் விடாமல் இறுக்கினால் வெந்துவிடும். தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம்தான் ஆனது.

அன்று சாயங்காலம் அவர் செய்தி கேட்டு சைக்கிளில் வந்தார். அதற்குள் வண்டியைக் கட்டி இழுத்து வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கை கழுவிவிட்டு அச்சுமுனையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“நீலம் பாஞ்சி கீது. வெந்துகீது. நட்டு எங்க?”

“இல்லணா. ரோட்ல வியுந்திருக்கும்” என்றேன்.

“பின்னு இல்லாம நட்டு கயண்டா லூசாதான பா ஆவும். ஏன் வேகணும்?”

மாமா கூப்பிடுகிறார் என்று அவரை உள்ளே அழைத்துப் போனேன். உள்ளே மாமா கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு கேள்வி. நீ பின்னு போட்டியா, போடலியா?”

வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் சாமி மேல் சத்தியம் செய்திருப்பான். இவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அக்கா அழுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டேன்னுதான் நெனைக்கறேன். ஆனா எத்தினி வண்டி, எத்தினி பின்னு. இந்தப் பின்னு கண்ணுல வர்ல. தெர்ல.”

மாமா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அக்கா, தன் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்கும் என்று சத்தம் போட்டாள். அவர் அதையெல்லாம் நின்று கேட்டுவிட்டு வெளியே வந்து, வண்டி சாய்ந்த இடம் சரியாக எது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தேன். சாலையோரம் குனிந்து நடந்துகொண்டிருந்தார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேதான். அடுத்த நாள் எதிர்ப்பக்கம். டிரைலர் லாரிகள் அவரை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பஸ்சில் என் பக்கத்தில் இருந்தவன், பழைய இரும்பு பொறுக்குகிற ஆள் என்று நினைத்து ஏதோ சொன்னான். நான் தலையாட்டினேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் அவரிடம் போகவில்லை. பயம்தான், வேறு ஒன்றுமில்லை. அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்கிற பயம்.

அவர் கொட்டகை முன்னால் ஒரு சாக்கு விரித்து, காந்தத்தில் கிடைத்ததையெல்லாம் பரப்பிவைத்திருந்தார். எங்கள் சாலையில் லாரிகள் உதிர்த்த நட்டு, போல்ட்டு, ஆணி. நாற்பது ஐம்பது நட்டாவது இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து மரையைப் பார்த்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தேடியது அந்தச் சாக்கில் இல்லை என்று அறிந்தவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் பஸ்சிலிருந்து இறங்கும் இடத்தில் காத்திருந்தார்.

“தம்பி, நீ குவாலிட்டில கீற. உனக்கு இதெல்லாம் தெரியும். ஒரு ஆளு நூறு தபா சரியா செஞ்சத, நூத்தியோராவது தபா மறப்பானா?”

“மறக்கலாம்ணா.”

“மறந்தது அவனுக்கே தெரியாம இருக்குமா?”

“இருக்கும். எங்க லைன்லயே நடக்குது.”

“நீ பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன்.”

நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.  “சரி. அப்ப நான்தான்” என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு, “நான்தான் பின்னு போட மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க” என்றார். மாமா எதிர்பார்க்கவில்லை. கோபப்பட்டு அலுத்துப் போயிருந்தார் என்றும் சொல்லலாம். “வுடு, உசிரு கீதே, அது போதும்” என்றார்.

அதன் பிறகு அவரிடம் முன்சக்கர வேலை கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார். “அது மட்டும் வேற எங்கனா பாத்துக்கோங்க. நான் ஒரு தபா பின்னு போட மறந்தவன்.” கேட்டவன் அதற்கப்புறம் பிரேக் வேலையை மட்டும் கொடுப்பானா? ஒவ்வொன்றாக நின்றது. ஆயில் மாற்றுவது, சைலன்சருக்கு கம்பி கட்டுவது, ஹாரன் ஒயர் ஒட்டுவது என்று சில்லறை வேலைதான் மிச்சம். மற்ற எதைக் கேட்டாலும் பழையபடி தெர்லதான். இந்த ஒன்றை மட்டும் சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

ஆறேழு மாதம் கழித்துத் தவக்காலத்தில், மாதா கோவில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொல்லிவிட்டேன். சாமியார் முழுவதும் கேட்டார். “அவர்கிட்ட சொன்னியா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? மொதல்ல அவர்கிட்ட போ.”

அடுத்த சனிக்கிழமை போனேன். கொட்டகையில் அவர் மட்டும்தான் இருந்தார். நின்றபடியே, ஒரே மூச்சில், ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆட்டிப் பார்த்தது, குழாய் போட்டு இழுத்தது, மஞ்சள் கோடு, அச்சுமுனையில் நட்டும் பின்னும் இருந்தது, நான் கழற்றியது. “நீங்க பின்னு போட்டீங்கணா. நான் உருவி எடுத்தப்ப ரெண்டு காலும் ஒயுங்கா மடங்கி இருந்துச்சு. நீங்க எதையும் மறக்கல” என்று முடித்தேன். 

அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“நட்டு எங்க?”

“ஏரில போட்டுட்டேன்.”

“ஏரில.” தலையை மெல்ல ஆட்டினார். “அந்தப் பின்னு?”

“அதுவும்தான்.”

“தம்பி, நீ குவாலிட்டில கீறவன். பேரிங்க எடம் வுடாம டைட் வெச்சா வேகும்னு உனக்கா தெரியாது?”

“எனக்குத் தெரியாதுணா. சத்தியமா தெரியாது.”

அவர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் யாரோ தன்னிடம் அன்பாக இருக்கிறார்கள் என்பதுபோலச் சிரித்தார்.

“எனுக்கு வேல இல்லன்னு கேள்விப்பட்டு வந்திருக்க. நல்ல மனசு பா உனுக்கு. அதுக்காக செய்யாத தப்ப தலைல தூக்கிக்காத.”

“இல்லணா, நெஜமாதான்...”

“நீதான சொன்ன, மறந்தவனுக்கே தெரியாம இருக்கும்னு. நான் ரெண்டு நாளு தேடிப் பாத்துட்டுதான உன்கிட்ட வந்து கேட்டேன்.” பக்கெட் பக்கம் போய்க் கையை நனைத்துக்கொண்டார். “போ பா. இத வெளில சொல்லிக்கினு திரியாத. உங்க மாமா மனசு கஷ்டப்படும்.”

அதற்கு மேல் என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து நானும் மாமாவும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வாசலில் சைக்கிள் நின்றது. அவர் உள்ளே வராமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் பேசினார்.

“நேத்து உங்க மச்சான் வந்தாரு. நட்ட இறுக்கினது நான்தான், பழி உங்க மேல வேணாம்னு சொன்னாரு. எனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்தக் காலத்துல யாரு பா இப்படி? தங்கமான ஆளு. அத உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். மாமா எதிரில் இருந்தார், அக்கா உள்ளே காது கேட்கிற தூரத்தில் இருந்தாள், சொல்ல வேண்டியதை அவரே பாதி சொல்லிவிட்டிருந்தார். ‘ஆமாம் மாமா’ என்று இரண்டு வார்த்தை போதும்.

“இவனா?” என்று மாமா சிரித்தார். “இவன் ஸ்பேனர் புடிச்சி நான் பாத்ததே இல்ல.” அவர் குரலில் பெருமை இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிடுகிற சத்தம் கேட்டது. அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.  தனக்கென்று எடுத்துவைத்திருந்த வஞ்சிரத் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, என் தலையை ஒருமுறை தடவினாள். நான் அதைச் சாப்பிட்டேன்.